குதிரையில கிராஸ்-கன்ட்ரி ஜம்ப் பழகப் போறீங்களா, மொத நாளுக்கு முன்னாடி இதைப் படிச்சுட்டுப் போங்க

அரீனாவுல, அதாவது பயிற்சித் திடல்ல, 80 சென்டிமீட்டர் கம்பு தாண்டிட்டேன், இனி வெளியில கிராஸ்-கன்ட்ரி (திறந்த வெளியில அசையாத தடைகளைத் தாண்டி ஓட்டுறது) போலாமான்னு ரெண்டு மூணு பேர் கேட்டுட்டாங்க, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்தேன். தாராளமா போலாம். ஆனா அரீனாவுல குதிரை கால் பட்டா கம்பு உருண்டு விழுந்துடும், வெளியில இருக்குறது விழாது, மரக்கட்டைன்னா நெஜமாவே ஒரு முழு மரம் படுத்திருக்கும். பெரிய போட்டிகள்ல சில வேலிங்களுக்கு (தாண்டுற தடைகளைத்தான் வேலின்னு சொல்றேன்) பலமா இடிச்சா ஒடஞ்சு கீழ இறங்குற பின் போட்டிருப்பாங்க, நாம பழகுற மைதானத்துல அது இருக்கும்னு நம்பிப் போகக் கூடாது. அதனாலதான் இதை இன்ஸ்ட்ரக்டர் இல்லாம தனியா போய்ப் பழகவே பழகாதீங்கன்னு சொல்றேன்.

நான் பழகுறது இங்கிலாந்துல, குளோஸ்டர்ஷயர் பக்கம், 1949-லேர்ந்து பேட்மின்டன் ஹார்ஸ் ட்ரயல்ஸ்ங்கற பெரிய குதிரைப் போட்டி நடக்குற அதே கவுன்ட்டி. எனக்குக் குடுக்குற குதிரை பதினாறு வயசு பழுப்புக் குதிரை, எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே எத்தனையோ பேருக்குக் கத்துக்குடுத்தது. மொத தடவைக்கு இந்த மாதிரி வயசான, வேலி பார்த்துப் பழகின குதிரையைத்தான் கேளுங்க, நீங்களும் புதுசு குதிரையும் புதுசுன்னா ரெண்டு பேருக்கும் தைரியம் சொல்ல ஆளே இருக்காது.

சாமான் விஷயத்துல காசு பாக்காதீங்க. ஹெல்மெட் முன்பக்கம் கெட்டியான விளிம்பு இல்லாத ஸ்கல் கேப்பா இருக்கணும், ஒரு தடவை பலமா அடி வாங்கிடுச்சுன்னா பார்க்க நல்லா இருந்தாலும் மாத்திடணும். பாடி புரொடெக்டர் (நெஞ்சு, முதுகைக் காக்குற கவசம்) பீட்டா லெவல் 3 (பிரிட்டிஷ் குதிரைச் சாமான் வியாபாரச் சங்கத்தோட பாதுகாப்புத் தரம்), உடம்போட ஒட்டி நிக்கணும், குனிஞ்சு நிமிந்து பாத்து வாங்குங்க. ஏர் ஜாக்கெட் (விழுந்தா காத்து நிரம்புற சட்டை) வெச்சிருக்கவங்க அதை புரொடெக்டருக்கு மேல போடணும், அதுக்குப் பதிலா இல்ல. அப்புறம் குதிரையை விட்டு இறங்குறதுக்கு முன்னாடி ஜாக்கெட்டைச் சேணத்தோட சேக்குற வாரைக் கழட்ட மறந்துடாதீங்க, மறந்தா படார்னு காத்து நிரம்பி பக்கத்துல நிக்குற குதிரையும் சேந்து மெரளும். குதிரைக்கு நாலு காலுக்கும் பூட்ஸ், முன்னங்குளம்புக்கு ஓவர்ரீச் பூட்ஸ் (பின்னங்கால் இடிச்சா காக்குறது), கழுத்துல ஒரு நெக்ஸ்ட்ராப் (நாம புடிச்சுக்குற வார்). இந்த நெக்ஸ்ட்ராப் ரொம்ப முக்கியம், தடுமாறும்போது அதைப் புடிச்சா குதிரை வாய் பொழச்சுது, இல்லன்னா ரெயின்ஸை (வாயோட சேந்த கடிவாள வாரை) புடிச்சுத் தொங்குவோம், குதிரைக்கு வலிக்கும், அடுத்த வேலிக்கு அது ஏன் நம்மள நம்பும்?

ஸ்டிரப்பை (கால் வெக்கிற வளையத்தை) அரீனாவுல வெக்கிறதை விட ரெண்டு ஓட்டை ஏத்திக்கோங்க. அப்புறம் வேலியே தாண்டாம பதினஞ்சு இருபது நிமிஷம், நடை, ட்ராட் (துள்ளு நடை), கேன்டர் (நிதானமான பாய்ச்சல்), சேணத்துலேர்ந்து லேசா எழும்பி மேட்டுல ஏறி பள்ளத்துல இறங்கி ஓட்டுங்க. எங்க கோச் இந்த நேரத்துல ஒரு வேலைதான் குடுப்பாங்க, "வேகமா போ, இப்ப சுருக்கு, மறுபடி போ", அவ்வளவுதான். போரடிக்குதேன்னு தோணும், ஆனா பாடமே இதுதான். ஏன்னா தாண்டுறதை குதிரை பாத்துக்கும், எந்த வேகத்துல, எவ்வளவு நேரா வேலிகிட்ட வர்றதுங்கறதுதான் நம்ம வேலை. வேகம் கூடினா நல்லா தாண்டும்னு நெனைக்காதீங்க, வேகத்துல குதிரை நீளமா தட்டையா ஆயிடும், காலை மடக்க எடம் இருக்காது. ஸ்பிரிங் மாதிரி துள்ளுற கேன்டர்தான் வேணும்.

மொத வேலி முழங்கால் உயரக் கட்டை போதும். ட்ராட்ல ஒரு தடவை, கேன்டர்ல ரெண்டு தடவை. குதிரையோட ஒரு கேன்டர் ஸ்ட்ரைடு (ஒரு தாவல்) சுமார் 3.6 மீட்டர், நம்ம கால்ல நாலு பெரிய எட்டு, அதனால முன்னாடியே கோச்சோட நடந்து போய் ரெண்டு வேலிக்கு நடுவுல எத்தனை எட்டுன்னு எண்ணிப் பாருங்க. கொடி இருந்தா செவப்பு வலது கைப்பக்கம், வெள்ளை இடது. கடைசி மூணு நாலு ஸ்ட்ரைடுல எதையும் மாத்தாதீங்க, காலை ஒட்ட வெச்சு, தோளை நிமித்தி, காத்திருங்க. குதிரை காதைக் கவனிங்க, ரெண்டும் வேலியைப் பாத்து நிமிந்துச்சுன்னா கண்டுக்கிச்சுன்னு அர்த்தம், ஒரு காது பின்னாடி திரும்பிச்சுன்னா உங்களைக் கேக்குது, அப்ப காலால லேசா "ஆமா போ"ன்னு சொல்லணும்.

தாண்ட வேண்டிய பள்ளம் (தரையில குறுக்கா வெட்டின குழி) பத்தி கொஞ்சம் அதிகமா சொல்லணும், எல்லாரும் மாட்டிக்கிற எடம் அதான். குதிரைக்குக் கண்ணு ரெண்டு பக்கமும் இருக்கு, நெத்திக்கு நேர் முன்னாடியும் மூக்குக்குக் கீழயும் அதுக்குத் தெரியாது, தரையில ஒரு கறுப்புக் கோடு திடீர்னு வந்தா அது என்னன்னு பாக்கத் தலையைக் கீழ இறக்கும். அந்த நேரத்துல நாமளும் குனிஞ்சு பாத்தா மொத்த பாரமும் முன்னாடி போயிடும். நான் அப்படித்தான் குனிஞ்சேன், குதிரை நின்னுடுச்சு, நான் கழுத்து மேல சரிஞ்சு பிடரியைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். கோச் திட்டல, குதிரையைப் பள்ளத்து ஓரம் நடத்திட்டு வரச் சொன்னாங்க, அது மூக்கை நீட்டி மண்ணை மோந்து பாத்துட்டு புஸ்ஸுன்னு ஒரு மூச்சு விட்டுச்சு. அப்புறம் இன்னொரு குதிரை முன்னாடி தாண்டிப் போக, ரெண்டு குதிரை நீளம் விட்டு நாங்க பின்னாடியே. "பள்ளத்தைப் பாக்காத, அந்த ஓக் மரத்தைப் பாரு"ன்னு கத்தினாங்க, பாத்தேன், கீழ என்ன நடந்துச்சுன்னே தெரியல, அந்தப் பக்கம் இருந்தோம்.

தண்ணிக்கும் இதே மொறைதான், மொதல்ல நடந்தே இறங்கி அடியில தரை கெட்டியா இருக்குன்னு குதிரைக்குக் காட்டணும், அப்புறம் ட்ராட். வேகமா விட்டீங்கன்னா தண்ணி காலைப் பின்னாடி இழுக்கும், குதிரை முன்னாடி தடுக்கிடும். படி எறங்குற டிராப்ல தோள் பின்னாடி, குதிகால் கீழ, ரெயின்ஸை விரல் வழியா நழுவ விட்டு கழுத்து நீள எடம் குடுங்க, இறங்கினதும் உடனே திரும்ப சேத்துக்கணும். மேல ஏறுற படிக்கு முன்னாடி சாஞ்சு பிடரியைப் புடிச்சுக்கோங்க, போதும்.

கோச் எப்படிப்பட்டவங்கன்னு ஒரே விஷயத்துல தெரிஞ்சிடும், குதிரை நின்னா என்ன பண்றாங்கன்னு பாருங்க. காரணம் தேடி, வேலியைச் சின்னதாக்கி, திரும்ப நல்லபடியா தாண்ட வெக்கிறவங்க நல்லவங்க. சவுக்கால அடி, இன்னும் வேகமா போன்னு மட்டும் சொன்னா வேற ஆளைப் பாருங்க. நீங்களும் பயமா இருந்தா வாயைத் தொறந்து சொல்லிடுங்க, உங்க பயம் ரெயின்ஸ் வழியா குதிரைக்கு ஏற்கனவே போயிருக்கும், கோச்சுக்குத்தான் தெரியாது. விழுந்து தலையில பட்டிருந்தா நல்லாத்தான் இருக்கேன்னு திரும்ப ஏறக் கூடாது, அன்னைக்கு அவ்வளவுதான், டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஒரு மணி நேரத்துல பத்துப் பன்னெண்டு வேலி போதும், நல்லா தாண்டின ஒண்ணோட நிறுத்திடுங்க. அப்புறம் மூச்சு அடங்குற வரைக்கும் நடத்தி, குளுந்த தண்ணி ஊத்தி, பூட்ஸைக் கழட்டி நாலு காலையும் கையால தடவிப் பாருங்க, சூடா வீக்கமா ஏதாவது இருக்கா, முள்ளு குத்தியிருக்கா, லாடம் ஆடுதான்னு. மறுநாள் காலையில லாயத்துலேர்ந்து வெளிய வரும்போது நாலஞ்சு எட்டு நடக்க விட்டு இன்னொரு தடவை பாத்துடுங்க, முந்தின நாள் தெரியாத நொண்டல் அப்பத்தான் தெரியும்.