வீட்டுக்கு விளையாட்டுச் சாமானும் புத்தகமும் வாங்கும்போது விடுகிற பிழைகள்

பெரிய பிழை, பொழுதுபோக்குக்குள்ளும் படிப்பைக் கொண்டுவந்து திணிப்பதுதான். தரம் 5 புலமைப்பரிசில் எழுதப்போகிற பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகப் பொது அறிவு வினாவிடையைக் கொடுத்துவிட்டு, "இவன் புத்தகத்தைத் தொடுறானே இல்லை" என்று குறைப்படுகிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. பள்ளிக்கூடம், அது முடிய ரியூசன் என்று ஓடிக் களைத்து வருகிற பிள்ளைக்கு அது இன்னொரு ரியூசன். பேய்க்கதை பிடித்தால் பேய்க்கதை, படக்கதை பிடித்தால் படக்கதை, விடுங்கள், வாசிக்கட்டும்.

அடுத்தது, வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணாமல் வாங்குவது. வன்னியில் அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் மட்டுமாக இருக்கிற வீடுகள் கொஞ்சமல்ல, அங்கே நாலு பேர் சேர்ந்தால்தான் சுவைக்கும் விளையாட்டை வாங்கி வைத்தால் அது பெட்டியோடு அலுமாரிக்கு மேலேதான் கிடக்கும். இரண்டு பேருக்குச் செஸ் இருக்கிறது, பல்லாங்குழி இருக்கிறது. பல்லாங்குழிக்குப் பலகைகூட வேண்டாம், முற்றத்தில் ஆளுக்கு ஏழாகப் பதினாலு குழி கிண்டி, புளியங்கொட்டை பொறுக்கினால் சரி.

நாலு பேர் இருந்தால் 304 என்கிற சீட்டாட்டத்தை விட்டுவிட்டு வேறெதையும் தேடி ஓட வேண்டாம் என்பேன். ஒரு சீட்டுக்கட்டில் இரண்டு முதல் ஆறு வரை எடுத்துவிட்டால் 32 சீட்டு. புள்ளிகள் இப்படி: ஜே 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கே 3, கியூ 2, மற்றவைக்கு ஒன்றுமில்லை. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. அப்பப்பா துரும்பை (வெட்டுகிற இனத்துச் சீட்டை) மறைத்து வைத்துக்கொண்டு, இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்கிறபோது எதிரில் இருக்கிற பேத்தி எந்தச் சீட்டு இறங்கிவிட்டது, எது இன்னும் யார் கையில் என்று தானாகவே கணக்குப் பார்க்கத் தொடங்குவாள், அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

கரம் போட் வாங்குகிறவர்கள் விலையையும் படத்தையும் மட்டும் பார்க்கிறார்கள். கடையிலேயே போட்டை நிலத்தில் சமமாக வைத்து, ஸ்ட்ரைக்கரை மூலைக்கு மூலை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனால் பலகை ஏற்கெனவே வளைந்துவிட்டது. போட்டிகளில் பாவிக்கிற போட்டின் ஆடுகளம் 74 சென்ரிமீற்றர் சதுரம். சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறியது போதும், ஆனால் மெல்லிய பலகை யாருக்கும் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சுவரில் சாய்த்து வைப்பதும் பிழைதான். எங்கள் மாரியில் சுவர் ஈரம் முழுவதையும் பலகை உறிஞ்சும், தை பிறக்கும்போது நடுப்பகுதி உப்பியிருக்கும். கட்டிலில் படுக்கையாக வையுங்கள். போட்டில் தூவுகிற போரிக் பவுடரைக் கைக்குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், வயிற்றுக்குள் போனால் அது நஞ்சு.

புத்தகத்தில், பெயருக்காகத் தடித்த தொகுதியோடு தொடங்குவதைத் தவிருங்கள். முதலில் பிரதேச சபை நூலகத்தில் எடுத்துப் பத்துப் பக்கம் வாசித்துப் பாருங்கள், பிடித்தால் வாங்கலாம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன, அதைத் திறந்துகூடப் பார்க்காமல் கொழும்பிலிருந்து கூரியருக்குக் காசு கட்டுகிறோம். நம் காட்டையும் குளத்தையும் எழுதியவர்களை விட்டுவிடுவதும் எனக்குக் கவலை. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' வன்னியில் இருக்கிற தண்ணிமுறிப்பில் நடக்கிற கதை, 1973இல் வந்தது, அளவான நாவல், வாசிப்பு விட்டுப்போன பெரியவர்களுக்கு முதலில் கொடுக்க நல்லது.

வயதானவர்களுக்கு வாங்கினால் எழுத்தின் அளவைப் பாருங்கள். பொடி எழுத்தில் அடித்த மலிவுப் பதிப்பை அவர்கள் மரியாதைக்காக வாங்கி வைப்பார்களே தவிர வாசிக்க மாட்டார்கள். முடிந்தால் கடைக்குக் கூட்டிப்போய், கண்ணாடியைப் போடச் சொல்லி, ஒரு பந்தியை அவர்களையே வாசித்துப் பார்க்கவிட்டுப் பிறகு காசைக் கொடுங்கள்.