சேலம் வருகிறவர்கள் பணத்தை எங்கே மாற்றுவது?

சேலத்துக்கு விமான நிலையம் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டு விமானம் எதுவும் காமலாபுரத்திலுள்ள அந்த நிலையத்தில் இறங்குவதில்லை. சென்னை, பெங்களூரு, கோவை, திருச்சி என்று எங்காவது இறங்கித்தான் வர வேண்டும். இறங்கியதும் விமான நிலைய நாணய மாற்றுக் கடைதான் கண்ணில் படும். கார் வாடகைக்கும் வழிச் சாப்பாட்டுக்கும் வேண்டியதை மட்டும் அங்கே மாற்றுங்கள். ஊருக்குப் போய் அலைய முடியாது என்று மொத்தத்தையும் அங்கேயே மாற்றிவிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்தச் சோம்பலுக்கு விலை அதிகம்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு வேறு வசதி உண்டு. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலும் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியிலும் நாணய மாற்றுக் கடைகளுக்குள் போட்டி இருப்பதால் அங்கேயே ரூபாய் வாங்கி வரலாம். ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் கொண்டு வர முடியும். மற்ற நாடுகளிலிருந்து வருபவர்கள் டாலர், பவுண்டு, யூரோ என நோட்டாகவே கொண்டு வரலாம். நோட்டு மட்டும் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினால் சுங்கத்தில் அறிவித்துவிடுங்கள்.

செல்பேசியில் நீங்கள் பார்க்கும் விகிதம் வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலை. எந்தக் கடையும் அதைத் தராது. கடைப் பலகையில் இரண்டு விலை இருக்கும். கடைக்காரர் நம்மிடம் வாங்கும் விலை, அதாவது குறைவான எண்தான் நமக்குரியது. செல்பேசி 90 காட்டும்போது பலகையில் 88 இருந்தால், ஆயிரம் டாலருக்கு 2,000 ரூபாய் குறைகிறது. விலையோடு கமிஷனும் இருக்கலாம். ஆகவே பேரத்தைச் சுருக்கி, “இந்தக் கட்டுக்கு எல்லாம் போக என் கைக்கு எவ்வளவு வரும்?” என்று கேளுங்கள். இரண்டு மூன்று இடங்களில் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஜிஎஸ்டியும் உண்டு. மாற்றும் தொகை 25,000 ரூபாய்க்குள் இருந்தால் வழக்கமாக 45 ரூபாய் பிடிப்பார்கள். நூறு டாலராக ஐந்து நாள் மாற்றினால் ஐந்து முறை 45. வேண்டியதை ஒரே தடவையில் மாற்றுவதே லாபம். நூறு டாலர் நோட்டுக்குக் கிடைக்கும் விலை ஐந்து, பத்து டாலர் நோட்டுகளுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. கிழிந்தது, பேனாக் கிறுக்கல் விழுந்தது என்றால் வாங்கவே மறுப்பார்கள்.

ரிசர்வ் வங்கியின் உரிமம் கடையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட் கேட்கிற கடைதான் ஒழுங்கான கடை. மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் டாலருக்கு ஐம்பது காசு கூடத் தருவார் என்று உறவினர்கள் சொல்வார்கள். உரிமம் இல்லாதவரிடம் மாற்றுவது அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம். கள்ள நோட்டு வந்தாலும் போய்க் கேட்க முடியாது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசும் வெள்ளிப் பாத்திரமும் மொத்தமாக வாங்கும் எண்ணம் இருந்தால் நோட்டுக் கட்டோடு வராதீர்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ கடைக்காரர் ரொக்கமாக வாங்கக் கூடாது. அவ்வளவு பெரிய தொகையைப் புறப்படுவதற்கு முன்பே உங்கள் இந்திய வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். விகிதமும் பெரும்பாலும் நோட்டுக்குக் கிடைப்பதைவிட நன்றாக இருக்கும்.

வெளிநாட்டு அட்டையைத் தேய்க்கும்போதோ ஏடிஎம்மில் போடும்போதோ, “உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடலாமா?” என்று திரை கேட்டால் மறுத்துவிட்டு ரூபாயைத் தேர்ந்தெடுங்கள். உதவி செய்வதுபோல் கேட்கப்படும் அந்தக் கேள்விக்குள் மோசமான விகிதம் ஒளிந்திருக்கும்.

ஏற்காடு போகிறவர்கள் அடிவாரத்துக்கு முன்பே, சேலத்திலேயே பணம் எடுத்துவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் போய், மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் ஏடிஎம் வரிசையில் நிற்பது வீண். மிளகு, காப்பித்தூள், பலாப்பழம் விற்கிறவர்களிடம் 500 ரூபாயை நீட்டினால் சில்லறைக்குத் திண்டாட்டம். 50, 100 ரூபாய் நோட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது. பொங்கலுக்கு வருகிறவர்கள் நாட்காட்டியைப் பார்த்துவிடுவது நல்லது.

மாற்றியபோது கொடுத்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். திரும்பும்போது மீந்த ரூபாயை டாலராக்க அதைத்தான் கேட்பார்கள். ரசீது இல்லையென்றால், புறப்பட ஏழு நாளுக்குள் 10,000 ரூபாய் வரை மாற்றித்தர அனுமதி உண்டு; ஆனால் தருவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். போன பயணத்து 2,000 ரூபாய் நோட்டு பையில் கிடந்தால் அது இன்னும் செல்லும் பணம்தான். ஆனால் சேலத்து வங்கிகள் மாற்றித்தராது. சென்னை போன்ற ஊர்களில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் மாற்றலாம்.