'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா? சரியான பொருளைப் பிடிக்கும் வழி

மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிதில் 'ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்' என்ற வரியை 'அவள் பள்ளிக்கு ஓடுகிறாள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்த தாளில் ஓரத்தில் பெரிய கேள்விக்குறி. அந்த அம்மா பள்ளிக்கூடம் நடத்துகிறவர்! ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி 'ரன்' என்ற இந்தச் சொல்லின் வினை வடிவத்துக்கு மட்டும் 645 பொருள் எண்ணியிருக்கிறது, அதனால் மனப்பாடம் செய்யும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள்.

முதலில் வினையா பெயரா என்று பாருங்கள். முன்னால் 'எ', 'தி' இருந்தால் பெரும்பாலும் பெயர்.

அடுத்து, எது ஓடுகிறது? மூக்கு என்றால் ஒழுகுகிறது, இயந்திரம் என்றால் இயங்குகிறது. நாடகம் தமிழிலும் ஓடத்தான் செய்கிறது.

மூன்றாவதுதான் நான் விழுந்த குழி. தமிழில் ஓடு-ஓட்டு, நட-நடத்து, இயங்கு-இயக்கு என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் சொல்லின் உருவமே மாறிவிடும், ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் அதே 'ரன்'. 'தி ப்ரோக்ராம் ரன்ஸ்' என்றால் நிரல் இயங்குகிறது, 'ரன் தி ப்ரோக்ராம்' என்றால் நிரலை இயக்கு. ஆக, 'ரன்' முடிந்த கையோடு ஒரு பெயர்ச்சொல் வந்தால் 'எதை?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால் நடத்து, இயக்கு, ஓட்டு என்ற பக்கம் போங்கள். நடுவில் 'டு' வந்து 'ரன்ஸ் டு எ ஸ்கூல்' என்றிருந்தால்தான் அவள் ஓடுகிறாள். 'ரன் எ மைல்' மாதிரி தூரம் வந்தால் இந்த விதி செல்லாது, அங்கே ஓட்டம் ஓட்டம்தான். 'ரன் எ ஃபீவர்' எதிலும் அடங்காது, காய்ச்சல் அடிக்கிறது என்று அப்படியே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒட்டிக்கொண்டு வரும் சிறு சொல். 'ரன் அவுட் ஆஃப்' என்றால் கையிருப்பு தீர்ந்துபோவது, 'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் சந்திப்பது. இவற்றைப் பிரித்துத் தேடாதீர்கள், முழுசாகத் தேடுங்கள்.

ஆங்கிலம்-தமிழ் அகராதியை முதலில் திறக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. கேம்பிரிட்ஜின் கற்பவர் அகராதி இணையத்தில் இலவசம். அதில் வினைக்குப் பக்கத்தில் 'டி' (T) என்று போட்டிருந்தால் செயப்படுபொருள், அதாவது 'எதை?' என்பதற்குப் பதில், வேண்டும், 'ஐ' (I) என்றால் வேண்டாம். எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கேள்விக்குறி வந்திருக்காது.

பின்சேர்க்கை: 'ஹி வாஸ் ரன் அவுட்' என்றால் அவர் தீர்ந்துபோனாரா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, அது கிரிக்கெட். அப்புறம் 'ஐ'ம் ரன்னிங் லேட்' பற்றி இன்னொருவர். தாமதமாகிறது, அவ்வளவுதான், படுக்கையில் இருந்தபடியேகூட அதைச் சொல்லலாம்.