மூத்தோருக்கு வட்ஸ்அப் குரற்பதிவு பழக்குதல்: விரல் நகரும் இடம்

மருதமுனையில் நெடுங்காலம் தறியில் இருந்த ஒரு மூத்தம்மாவுக்கு, கட்டாரில் வேலை செய்யும் மகனுக்குக் குரற்பதிவு அனுப்பப் பழக்க முயன்று மூன்று நாட்கள் என்னால் முடியவில்லை. காரணம் பிடிபட்ட பிறகு காரைதீவு, கல்முனைப் பக்கம் பல வீடுகளில் இதே முறையில் பழக்கி வருகிறோம். இப்பணிக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கைகளுக்காக அதை எழுதுகிறேன்.

வீடியோ அழைப்பை முதலில் பழக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கே இலங்கையில் இரவு 8 மணி ஆகும்போது கட்டாரில் மாலை 5.30 தான்; மகன் வேலைத்தளத்திலேயே நிற்கக்கூடும். குரற்பதிவை அவர் ஓய்வு கிடைத்ததும் கேட்பார், தாயும் மகனின் குரலை விரும்பிய தடவை கேட்கலாம், டேட்டாவும் குறைவாகவே செலவாகும்.

முதலில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, மகனுடைய உரையாடலை அழுத்திப் பிடித்து, ஊசிப் படத்தைத் தொட்டு அதைப் பட்டியலின் உச்சியில் நிறுத்திவிடுங்கள். இதை நீங்களே செய்யலாம். அதன் பின்னர் கைபேசியை அவர் கையிலிருந்து வாங்கவே வாங்காதீர்கள்.

அடுத்து, கைபேசியை மேசையில் வைத்து, ஈரத்துணியில் விரலை ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். விரலின் மின்கடத்தும் தன்மையைக் கொண்டே தொடுதிரை தொடுகையை அறிவதால், வேலை செய்து காய்ந்து தடித்த விரல்நுனி சில வேளைகளில் அதற்குப் புலப்படுவதில்லை. திரையில் தடித்த பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டியிருந்தால் அதைக் கழற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

நான் தடுமாறியது இதற்கு அடுத்த படியில். மைக் படத்தை அழுத்திப் பிடித்துப் பேசி, விரலை எடுத்தால் பதிவு மகனுக்குப் போய்ச் சேரும் என்று சொல்லிக் கொடுத்தேன். மூத்தம்மாவும் அப்படியே செய்தார். ஆனால், "மகன், நான் பேசினது போகல்லியே" என்று ஒவ்வொரு முறையும் என்னிடம் கவலைப்பட்டார். டேட்டா தீர்ந்துவிட்டதென்றே நினைத்தேன். மூன்றாம் நாள் திரையை விட்டு அவருடைய விரலைக் கவனித்தபோதுதான், பேசப் பேச நடுக்கத்தால் அது இடப்பக்கம் நகர்வதைக் கண்டேன். இடப்பக்கம் நகர்த்தினால் பதிவு அழிந்துவிடும். ஆகவே, அழுத்தியதும் விரலை மேலே தள்ளி, பூட்டுப் படத்தில் சேர்க்கப் பழக்குங்கள். அதன்பின் விரலை எடுத்தாலும் பதிவு தொடரும். பேசி முடித்து, அனுப்பும் அம்புக்குறியைத் தொட்டால் போதும். "அழுத்து, மேலே தள்ளு, பேசு, அம்பு" என்று ஒரு கொப்பியில் பெரிதாக எழுதிக் கொடுத்து, முதல் பத்துப் பதிவுகளையும் உங்கள் எண்ணுக்கே அனுப்பச் செய்யுங்கள். வட்ஸ்அப்பின் 6 இலக்க உறுதிப்படுத்தல் எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

பிற்சேர்க்கை: மகனின் பதிவைக் கேட்கும்போது திரை கறுத்துச் சத்தமும் குறைந்துவிடுகிறது என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். கைபேசி பழுதாகவில்லை. காதருகே கொண்டுபோனால் திரை அணைந்து, ஒலி காதில் வைக்கும் சிறிய ஒலிபெருக்கிக்கு மாறும். விலக்கினால் பழைய நிலைக்குத் திரும்பும். மகனின் பேச்சை வீட்டில் மற்றவர்கள் கேட்காமல் தனியாகக் கேட்க விரும்பும் தாய்மாருக்கு இதையும் ஒரு வழியாகச் சொல்லிக் கொடுங்கள்.