கமிசேரியட் அதிகாரி ஒருவரின் பணி வரலாற்றைத் தேடி எடுப்பது எப்படி

19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர்ப் படைக்கு அரிசி, நெய், விறகு, வண்டி மாடு எல்லாம் வாங்கிக் கொடுத்த துறையான கமிசேரியட்டின் அதிகாரி ஒருவரின் பெயர் உங்கள் கையில் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போர் வரலாறுகளில் அவரைத் தேடாதீர்கள். பொருள் வாங்கியவரின் வாழ்க்கை டெண்டர் விளம்பரத்திலும் கணக்கிலும்தான் பதிந்திருக்கும். ராணுவ ஸ்டோரில் ஸ்டோர்மேனாகச் சேர்ந்து, ஓய்வுபெறும்வரை கையிருப்பு எண்ணியவன் நான். அந்தப் பழக்கத்தில்தான் இந்த வழியைச் சொல்கிறேன்.

அவர் ஈஸ்ட் இந்தியா கம்பெனியின் ஆளா, பிரிட்டிஷ் அரசுப் படையின் ஆளா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1867 ஏப்ரல் 1 வரை சிங்கப்பூர் இந்தியாவிலிருந்து ஆளப்பட்டது. அதற்கு முந்தைய பல ஆண்டுகள் இங்கே காவலிருந்தவை மதராஸ் காலாட்படைப் பிரிவுகள். அவற்றுக்குச் சாமான் வாங்கிய அதிகாரி பெரும்பாலும் ஒரு ரெஜிமெண்டிலிருந்து கமிசேரியட்டுக்கு மாற்றிவிடப்பட்டவர். அவருக்குப் பதவி இரண்டு: ரெஜிமெண்டில் கேப்டன், துறையில் டி.ஏ.சி.ஜி., அதாவது டெப்டி அசிஸ்டென்ட் கமிசரி ஜெனரல். அவர் இங்கே அரிசி மூட்டையைச் சரிபார்த்துக் கொண்டிருக்கும்போதே ரெஜிமெண்டில் மூப்புப்படி பதவி உயர்ந்துகொண்டிருக்கும். இரண்டு பதவியையும் பார்த்துவிட்டு இரண்டு ஆள் என்று எண்ணிவிட வேண்டாம்.

பிரிட்டிஷ் கமிசேரியட் வேறு மாதிரி. 1854 டிசம்பர்வரை அது கருவூலத்துக்குக் கீழே இருந்தது. அதன் அதிகாரிக்கு ரெஜிமெண்டே கிடையாது. 1869இல் கன்ட்ரோல் டிபார்ட்மென்ட் வந்தது, 1888இல் ஆர்மி சர்வீஸ் கோர். நீண்ட காலம் வேலை பார்த்தவர் ஒருவரே வெவ்வேறு துறைப் பெயர்களில் தென்படுவார்.

அடுத்து ஒரு நோட்டை எடுத்து, ஆண்டுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல்களைப் பார்த்து அதை நிரப்புங்கள். கம்பெனி அதிகாரி என்றால் 1860வரை ஈஸ்ட் இந்தியா ரெஜிஸ்டர், அதன் பிறகு இந்தியப் படை, சிவில் பட்டியல்கள். அரசுப் படை என்றால் 1839 முதல் ஹார்ட் என்பவர் வெளியிட்ட ராணுவப் பட்டியல். பதவி, ஊர், விடுப்பு மூன்றையும் குறியுங்கள். வெற்று வரி வந்தால் பதற வேண்டாம். அவர் அரைச் சம்பளத்தில் ஓய்வாக இருந்திருக்கலாம், உடம்பு சரியில்லாமல் நீலகிரிக்கோ தென்னாப்பிரிக்காவின் கேப்புக்கோ போயிருக்கலாம்.

இனி நாளிதழ். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜியை வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம். சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ் 1835 முதலும், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845 முதலும் அதில் இருக்கின்றன. ஆளின் பெயரைப் போட்டுத் தேடினால் பாதி நழுவிவிடும். பழைய அச்சைக் கணினி தப்புத் தப்பாகப் படித்து வைத்திருக்கிறது. ‘கமிசேரியட் ஆபீஸ்’, ‘டெண்டர்’ என்று ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடுங்கள். முத்திரையிட்ட டெண்டர் கேட்கும் அறிவிப்பின் அடியில் அதிகாரியின் பெயர், பதவி, தேதி மூன்றும் இருக்கும். அதுதான் தங்கம். கையொப்பம் எந்த மாதத்தில் மாறுகிறதோ அந்த மாதத்தை ஒட்டித்தான் இடமாற்றம். பதவிக்கு முன்னால் ‘ஆக்டிங்’ என்று இருந்தால் நிரந்தர அதிகாரி விடுப்பில் இருக்கிறார், அவரையும் தேடுங்கள். கப்பல் பயணிகள் பட்டியலையும், ஊர்விட்டுப் போகிறவரின் வீட்டுச் சாமான் ஏலத்தையும் விட்டுவிடாதீர்கள்.

அவர் இருந்த ஆண்டுகளில் படையெடுப்பு ஏதாவது நடந்ததா என்று பாருங்கள். மலாக்காவை அடுத்த நானிங்குக்கு 1831இல் போன மதராஸ் படை, பின்னால் வழி அடைபட்டு, பீரங்கிகளைக் கைவிட்டுத் திரும்பியது. 1832இல் காட்டுக்குள் மாதக்கணக்கில் சாலை வெட்டிக்கொண்டே முன்னேறி ஜூனில் நானிங்கின் தலைமை ஊரான தாபோவைப் பிடித்தார்கள். அந்தச் சாலை நெடுக எத்தனை பேர் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பார்கள்! நானிங் வரலாற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த இரண்டாம் ஆண்டுச் சாப்பாட்டுக் கணக்குதான். 1840இல் சீனப் போருக்கான கப்பல்கள் கூடியது சிங்கப்பூரில். 1875இல் பேராக் போர். இந்த ஆண்டுகளில் உங்கள் ஆள் பதவியில் இருந்தால் கடிதங்கள் மிகுந்திருக்க வாய்ப்புண்டு.

அந்தக் கடிதங்களுக்கு விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தின் 11ஆம் மாடிக்குப் போய் மைக்ரோஃபிலிமில் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் ரெக்கார்ட்ஸைக் கேளுங்கள், 1867வரைக்கும் அதுதான். அதற்குப் பிந்தையது சிஓ 273 என்ற எண்ணுள்ள காலனி அலுவலகக் கோப்புகள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் மதராஸ் அதிகாரிகளின் பணிப்பதிவுக்குக் கோப்பு வரிசை எண் எல்/மில்/11, ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளுக்கு என்/2. பிரிட்டிஷ் கமிசேரியட் என்றால் லண்டன் கியூ (Kew) பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 61. இங்கேயே இறந்திருந்தால் ஃபோர்ட் கேனிங் சுவரில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களைப் படித்துப் பாருங்கள். அந்த இடுகாடு 1865இல் மூடப்பட்டது.

ஒரு வேண்டுகோள். நோட்டில் ஆரம்பத்திலேயே இன்னொரு பத்தியும் போட்டு, கடிதங்களிலும் மனுக்களிலும் கண்ணில் படும் குத்தகைதாரர், மேஸ்திரி, வண்டிக்காரர், எழுத்தர் பெயர்களை எழுதி வையுங்கள். ஆங்கில எழுத்தில் சிதைந்த தமிழ்ப் பெயர் என்றால் இருக்கிறபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். அதே எழுத்துக்கூட்டலில்தான் அவர் அடுத்த கோப்பிலும் அகப்படுவார்.