பெரிய பந்தயங்களில் ஃபேவரிட்டைத் தேர்வு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1979-இல் ஸ்பெக்டாகுலர் பிட் என்ற குதிரை ஃபேவரிட்டாக இறங்கி, அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தை வென்றது. அடுத்து ஒரு ஃபேவரிட் அங்கே ஜெயிக்க 2000 வரை, ஃபுசாய்ச்சி பெகாசஸ் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அதே டெர்பியில் 2013 முதல் 2018 வரை ஆறு வருடமும் ஃபேவரிட்தான் ஜெயித்தது. முதல் கணக்கை மட்டும் பார்த்தவர் 'பெரிய ரேஸில் ஃபேவரிட் வராது' என்பார், இரண்டாவதை மட்டும் பார்த்தவர் 'ஃபேவரிட்டை விடவே கூடாது' என்பார். இரண்டும் அவசர முடிவுகள். குதிரை நல்லதா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம். இன்றைக்கு அது ஓடப்போகும் பந்தயம் எப்படிப்பட்டது என்று கேட்பதில்லை. பெரும்பாலான தப்புக் கணிப்புகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

ஃபேவரிட் என்றால் என்ன என்பதிலேயே பலருக்குக் குழப்பம் இருக்கிறது. எந்தக் குதிரைமேல் அதிகப் பணம் விழுகிறதோ அது ஃபேவரிட், அவ்வளவுதான். எல்லா ரேஸ்களையும் சேர்த்துப் பார்த்தால் ஃபேவரிட்டுகள் ஏறக்குறைய மூன்றில் ஒன்றைத்தான் ஜெயிக்கின்றன. 20 குதிரைகள் ஓடும் டெர்பியில் ஃபேவரிட்டுக்கு ஒன்றுக்கு நான்கு என்று ஆட்ஸ் (ஜெயித்தால் கட்டிய ஒரு ரூபாய்க்கு நான்கு ரூபாய் லாபம்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து முறை ஓடினால் ஒரு முறை ஜெயிக்கும் என்று பணம் கட்டிய கூட்டமே சொல்கிறது என்று அர்த்தம். டோட்டில், அதாவது எல்லோரும் கட்டும் பணம் ஒன்றாகச் சேரும் தொகுப்பில், ரேஸ் நடத்துபவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தருகிறார்கள். அதையும் கழித்துப் பார்த்தால் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் கீழே. இப்படிப்பட்ட குதிரையை 'நிச்சயம்' என்று சொல்வது முதல் தவறு. பணம் கட்டத் தொடங்கும் முன்பே வெளியாகும் மார்னிங் லைனை இறுதி ஆட்ஸாக எடுத்துக்கொள்வதும் அதே வகைதான். மக்கள் எப்படிப் பணம் கட்டுவார்கள் என்று ஒருவர் போட்ட முன்கணிப்பு அது.

அடுத்தது தூரம். கென்டக்கி டெர்பி 10 ஃபர்லாங், ஏறக்குறைய 2 கிலோமீட்டர். ஓடுபவை மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே. முன்னோட்டப் பந்தயங்களில் முக்கியமானவை பெரும்பாலும் 9 ஃபர்லாங் என்பதால், அந்தக் கூடுதல் ஃபர்லாங்கைப் பல குதிரைகள் அன்றுதான் முதன்முதலாக ஓடுகின்றன. முந்தைய ரேஸில் எத்தனை நீள (ஒரு நீளம் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம்) வித்தியாசத்தில் ஜெயித்தது என்று பார்த்து மயங்குகிறோம். கடைசி ஃபர்லாங்கில் எப்படி ஓடியது என்பதுதான் இங்கே முக்கியம். ஐந்து நீளம் முன்னே இருந்து இரண்டு நீளத்தில் ஜெயித்த குதிரையைவிட, மூன்றாவதாக வந்தாலும் கோட்டைத் தாண்டும்போது வேகம் குறையாமல் இருந்த குதிரையை நான் அதிகம் மதிப்பேன். வம்சாவளியும் இங்கே உதவும். தாய் வழியிலும் தந்தை வழியிலும் நீண்ட தூரம் தாங்கிய குதிரைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பேஸ், அதாவது பந்தயம் போகும் வேகம், என்ற விஷயத்தைத்தான் மக்கள் மிக எளிதாக விட்டுவிடுகிறார்கள். பந்தயத்தின் முதல் பாதி எவ்வளவு வேகமாகப் போகப்போகிறது என்பது முன்னால் ஓட விரும்பும் குதிரைகள் எத்தனை என்பதைப் பொறுத்தது. ஒன்றே ஒன்று இருந்தால் அது நிதானமாக ஓடிச் சக்தியை மிச்சம் பிடித்து, கடைசிவரை முன்னிலையிலேயே இருந்துவிடலாம். நான்கைந்து இருந்தால் ஒன்றையொன்று துரத்தித் தீர்ந்துபோகும்.

2022 டெர்பியில் அதுதான் நடந்தது. முதல் கால் மைல் 21.78 விநாடியில் போனது. அந்தப் பந்தயத்தின் வரலாற்றில் அவ்வளவு வேகமான தொடக்கம் இருந்ததில்லை. முன்னால் இழுத்துச் சென்ற சம்மர் இஸ் டுமாரோ கடைசி இடத்தில் முடித்தது. பின்வரிசையில் ஓடிவந்த ரிச் ஸ்ட்ரைக், ஒன்றுக்கு எண்பது ஆட்ஸில், ஃபேவரிட்டான எபிசென்டரைத் தாண்டி ஜெயித்தது. எபிசென்டர் மோசமாக ஓடவில்லை. பந்தயம் பின்னாலிருந்து வரும் குதிரைக்குச் சாதகமாக அமைந்துவிட்டது.

2013-இல் கென்டக்கி டெர்பிக்குள் நுழைய, முன்னோட்டப் பந்தயங்களில் எடுக்கும் புள்ளிகளைக் கணக்கில் கொள்ளும் முறை வந்தது. அதற்குமுன் பரிசுப்பணத்தைக் கணக்கில் கொண்டதால், குறுந்தூர ரேஸ்களில் சம்பாதித்த வேகக் குதிரைகளும் உள்ளே வந்து தொடக்கத்தைச் சூடாக்கின. அவை குறைந்த பிறகு முன்வரிசையில் ஓடும் தரமான குதிரைகளுக்கு வேலை எளிதானது. அடுத்து வந்த ஆறு ஃபேவரிட் வெற்றிகளுக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஃபேவரிட் பின்னாலிருந்து வரும் வகை என்றால் வேறு ஆபத்து இருக்கிறது. முன்னே ஓடுபவை வேகமாகப் போய்க் களைக்க வேண்டும், குதிரைகளுக்கு நடுவில் வழியும் கிடைக்க வேண்டும். அப்படிப் பின்னாலிருந்து வரும் ஜென்யாட்டா என்ற குதிரை ஓடிய 20 பந்தயங்களில் 19-ஐ ஜெயித்தது. தோற்ற ஒரே பந்தயம் அமெரிக்காவின் 2010 பிரீடர்ஸ் கப் கிளாசிக். தொடக்கத்தில் வெகுதூரம் பின்தங்கி, கடைசியில் பறந்து வந்தும், பிளேம் என்ற குதிரையிடம் தலை வித்தியாசத்தில் தோற்றது.

தரை மாறினால் குதிரையே மாறிவிடும் என்று சொல்லலாம். இதற்குச் சிட்டி ஆஃப் ட்ராய் என்ற குதிரையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 2024-இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் புல்தரையில் நடந்த 2000 கினீஸ் ரேஸில் பெரிய ஃபேவரிட்டாக வந்து ஒன்பதாவதாக முடித்தது. 'இது அவ்வளவுதான்' என்று பலர் கைகழுவினார்கள். அடுத்து இங்கிலாந்தின் எப்சம் டெர்பியை ஜெயித்தது. அந்த வருடக் கடைசியில் அமெரிக்காவில் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கில் மண்தரையில் முதன்முறையாக ஓடியபோது எட்டாவது. புல்தரையில் ஓடிப் பழகிய குதிரைக்கு முன்னால் போகிறவை எற்றும் மண் முகத்தில் அடிப்பதே புதிய அனுபவம். அப்புறம் ஒரே ஒரு மோசமான ஓட்டத்தை வைத்துக் குதிரையைத் தள்ளிவிடுவது எவ்வளவு தவறு என்பதற்கும் இதே குதிரைதான் சாட்சி. 1973-இல் கென்டக்கி டெர்பியை ஜெயித்த செக்ரெட்டேரியட்டும் அதற்கு முந்தைய ரேஸில் மூன்றாவதாகத்தான் வந்தது.

ஒரே புல்தரையிலும் ஈரம் கணக்கைப் புரட்டும். 2017-லும் 2018-லும் பிரான்ஸின் ஆர்க் பந்தயத்தை ஜெயித்த எனேபிள், 2019-இல் அதே பந்தயத்தில் நன்றாக நனைந்திருந்த லாங்ஷாம்ப் மைதானத் தரையில் கடைசி மீட்டர்களில் வால்ட்கைஸ்ட் என்ற குதிரையிடம் பிடிபட்டது.

எடையை மறந்துவிடாதீர்கள், குறிப்பாக மெல்போர்ன் கப்பில். அது ஹேண்டிகேப் ரேஸ். நல்ல குதிரை கூடுதல் எடை சுமக்க வேண்டும். 1930-இல் ஃபேவரிட்டாக ஜெயித்த ஃபார் லாப், மறுவருடம் 68 கிலோவைச் சுமந்து எட்டாவதாக வந்தது. குதிரை எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்பதைக் காட்டும் கேட் நம்பரும் முக்கியம்: கென்டக்கி டெர்பியில் 1986-இல் ஃபெர்டினாண்ட் ஜெயித்தபின், உள்ஓரத்தில் இருக்கும் ஒன்றாம் கேட்டிலிருந்து நெடுங்காலமாக எந்தக் குதிரையும் ஜெயித்ததில்லை.

கதையில் மயங்குவதுதான் தவிர்க்கக் கடினமான தவறு. கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ் இரண்டையும் ஜெயித்த குதிரை மூன்றாவது பந்தயமான பெல்மான்ட்டுக்கு வந்தால், மூன்றையும் ஜெயிக்கும் 'டிரிபிள் கிரவுன்' சாதனையைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. பணமும் அந்த ஆசையோடு சேர்ந்து கொட்டுகிறது. 1978-இல் அஃபர்ம்டுக்கும் 2015-இல் அமெரிக்கன் ஃபாரோவுக்கும் இடையில் இப்படி 13 குதிரைகள் இரண்டை ஜெயித்தன, ஒன்றுகூட மூன்றை முடிக்கவில்லை. ஐந்து வாரத்தில் மூன்று ரேஸ், அதிலும் கடைசியில் வழக்கமாக 12 ஃபர்லாங். எதிரே நிற்பவற்றில் சில நன்றாக ஓய்வெடுத்து வந்தவை. 2008-இல் பிக் பிரவுன் மீது கூட்டம் வைத்த நம்பிக்கைக்கு அளவில்லை. அது கடைசியாக வந்தது. ஜெயித்த டா'டாராவுக்கு ஒன்றுக்கு 38 ஆட்ஸ்.

இவ்வளவும் பார்த்து வைத்தாலும், பந்தய நாள் காலையில் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். முன்னால் ஓடும் ஒரு குதிரை விலகியிருந்தால் பேஸ் பற்றிய கணிப்பு முழுவதும் மாறும். ரிச் ஸ்ட்ரைக் உள்ளே வந்ததே, முந்தைய நாள் ஒரு குதிரை விலகியதால்தான். இரவு மழை பெய்திருந்தால் தரையைப் பற்றிய கணிப்பும் பழசாகிவிடும். அப்படி ஏதாவது மாறியிருந்தால், முந்தைய நாள் பிடித்த குதிரையை விட்டுவிட்டுப் பட்டியலை முதலிலிருந்து பாருங்கள்.