உச்சி வெயிலில் முகம் கறுக்காத படம்

செந்தோசா தீவில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குப் போனால் எல்லாரும் எடுப்பது சுழலும் உருண்டை முன்னால் நிற்கும் அதே படம்தான். எனக்கு வேண்டியது அக்கா மகளின் முகம். சிங்கப்பூரில் பகல் 1 மணிக்கு வெயில் நேரே உச்சந்தலையில் இறங்கும், கண்குழி கறுத்துவிடும். அதனால் அவளைக் கூரை நிழலின் விளிம்புக்குச் சற்று உள்ளே, வெளிச்சத்தைப் பார்த்து நிற்கவைத்தேன். வெயில் பட்ட தரையிலிருந்து எழும்பிய ஒளி கன்னத்தில் மெத்தென்று படிந்தது. என்ன அழகு!

எகிப்துப் பகுதியில் குந்தி உட்கார்ந்து கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தேன். லென்ஸ் தரையை ஒட்டியதும் அவளுக்குப் பின்னால் சிலைகள் வானத்தை முட்டின. சவாரி முடிந்து, "சித்தி, இன்னொரு தடவை!" என்று ஓடிவந்தாள். விடாமல் கிளிக் செய்ததில் அந்தச் சிரிப்பும் சிக்கியது.

ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். வெளிச்சூட்டுக்கு லென்ஸ் பழகும்வரை பொறுத்து எடுங்கள்.